தலைகீழ் மாப்பிள்ளை

தொப்.

சுவருக்கு அந்தப்பக்கம் எதுவோ விழுந்த சத்தம். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெரியநாயகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விழுந்தது சோள மூட்டையில்லை, கட்டின புருஷன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அந்தப்பக்கம் போன மருதாசலம், ஒரு சாமியாரிடம் சிரசாசனம் கற்றுக்கொண்டு ஜலகண்டாபுரம் வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து விடிந்தும் விடியாமல் தறிக்கூடத்தில் தலைகீழாக நிற்பான். நிற்பான் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுவான்.

தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கட்டும்போதெல்லாம் இதே பேச்சு. மருதாசலம் இனிமேல் கையால் மிதித்துக் காலால் நெய்வானா என்று கேட்டார்கள். பெரியநாயகியால் தலைநிமிர முடியவில்லை.

இதைவிட எரிச்சல், அடுத்த வீட்டிலிருந்த அவள் அண்ணன் சென்னிமலை. தை மாதம் வாதம் வந்து அவருக்கு ஒரு கால் இழுத்துக்கொண்டது. தறிக்குழியில் இறங்கி மிதிக்க ஆளில்லாமல் அவர் தறி ஒட்டடை பிடித்துக் கிடந்தது. மூச்சைக் கவனித்தபடி காலை மெல்லத் தூக்கி இறக்கிப் பழகினால் தேறலாம் என்றார் வைத்தியர். செத்த காலுக்கு என்ன சேவகம் என்று சென்னிமலை சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கஞ்சி கொண்டுபோன தங்கச்சியிடம்கூடப் பேச்சில்லை.

அந்த மனுஷர், மாப்பிள்ளை விழுகிற வேடிக்கை என்றதும் தடியூன்றி வந்துவிடுகிறார். சிரிப்பு வேறு. சிரித்து முடித்துப் பாடம் வேறு. பெரியநாயகி ஒருநாள் புருஷனிடம் கேட்டேவிட்டாள்.

"கால் வெளங்காதவரு சொல்லித் தர்றாரு, கால் நல்லா இருக்கறவரு தொப்புனு உழுகறாரு. ஏனுங்க, அந்தக் கருமத்தை உட்டுத் தொலைங்க."

மருதாசலம் இடுப்பைத் தேய்த்துக்கொண்டான். "வந்துரும் புள்ள. இன்னும் கொஞ்ச நாள்."

மறுநாள் இதற்கொரு முடிவு கட்டிவிடுவது என்று, அவன் விழுவதற்கு முன்பே போய் உள்பக்கக் கதவிடுக்கில் பார்த்தாள்.

மருதாசலம் தலைகீழாக நின்றான். பாவு கட்ட அடித்த முளைபோல. ஆட்டமில்லை, அசைவில்லை. மூச்சு வந்துபோவது வயிற்றில் மட்டும் தெரிந்தது.

வெளியே சந்தில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது.

மருதாசலம் ஒரு கண்ணைத் திறந்தான். சத்தம் வாசலுக்கு வரட்டும் என்று காத்தான்.

தொப்.

"மறுக்காவும் உழுந்துட்டீங்களா மாப்ளே?" சென்னிமலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். "மூச்சை இழுத்துக்கிட்டே மெதுவாத் தூக்கோணும். மனசு கால்லயே நிக்கோணும். இங்க பாருங்க."

செத்த கால் என்று அவர் சொன்ன அந்தக் கால், தரையை விட்டு ஒரு சாண் எழுந்தது.

"எனக்குப் புடிபடலீங்க மச்சான். இன்னொருக்காக் காட்டுங்க."

பெரியநாயகி சத்தமில்லாமல் ராட்டைக்குத் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான குரலில் உள்ளே கேட்கும்படி சொன்னாள்:

"இன்னைக்கும் உழுந்தாச்சுங்களா? மானம் போகுது."

அறுந்து கிடந்த நூலை முடிந்து, ராட்டையைச் சுற்றினாள்.