ஜோடி மாலை

வெள்ளைக்காரர் காலத்து மணிமாலைகளைச் சேர்ப்பதில் பைத்தியமாக இருந்த பன்னீர்செல்வத்துக்கு, ஆரணியில் பெண் காபித் தட்டோடு வந்து நின்றதும் மூச்சே நின்றுபோனது. அவள் கழுத்தில் விக்டோரியா ராணி காலத்துச் சிவப்புக் கார்னெட் கல் மாலை! மணி ஒவ்வொன்றும் மாதுளை முத்துப் போல மின்னியது.

"அம்மா," என்று ராஜம்மாளின் காதைக் கடித்தான். "என் பெட்டியில இருக்குதே, அந்த மாலைக்கு இதுதாம்மா ஜோடி! ரெண்டா செஞ்சிருப்பாங்கன்னு சொல்லிகினே இருந்தேனே!"

"எனக்கு எல்லாப் பாசியும் ஒண்ணுதான். பொண்ணைப் பாருடா."

"பார்த்துட்டேன். ஜல்தியா தட்டை மாத்தும்மா!"

வந்தவாசி, சேத்துப்பட்டு என்று போன இடத்திலெல்லாம் உதட்டைப் பிதுக்கியவன் இவன். தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த பெண்ணின் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று இருவரையும் பின்கட்டுக்கு அனுப்பினார்.

"இந்த மாலை எத்தினி தலைமுறையா உங்க வீட்ல இருக்குதுங்க?"

ஆதிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போன வாரந்தாங்க வந்துச்சு."

"யார் குடுத்தாங்க?"

"உங்கம்மாதான். 'எம்புள்ள எந்தப் பொண்ணையும் நிமிந்தே பார்க்க மாட்டேங்கிறான், இதைப் போட்டுகினு வந்து நில்லும்மா'ன்னு உங்க பெட்டியிலேர்ந்து எடுத்தாந்து குடுத்தாங்க."

பன்னீர்செல்வம் அப்போதுதான் மாலையை விட்டுவிட்டு முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். அடக்கிய சிரிப்பில் அது கார்னெட்டைவிடச் சிவந்திருந்தது.

"கழட்டிக் குடுத்துடட்டுங்களா? இல்ல, போட்டுகினே உங்க வீட்டுக்கு வந்துடட்டுங்களா?"

"அம்மா!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினான் பன்னீர்செல்வம். "தட்டை மாத்திட்டியா இல்லியா?"