ஒருமனதாக ஒரு தீர்மானம்

மணி பத்தேகால். கடைசி பெஞ்சில் ஒரு தலை மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. முன் பெஞ்சில் ஒரே பத்தியை நாலாவது தடவையாக வாசித்தும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நடு பெஞ்சில் முப்பத்தேழையும் பதினெட்டையும் கூட்டி நாற்பத்தைந்து என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாகிவிட்டது.

வகுப்பறைதான். ஆனால் உட்கார்ந்திருந்தவர்களின் சராசரி வயது ஐம்பத்தாறு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு தேவையா, தேவையில்லையா என்று கண்டுபிடிக்க அமைக்கப்பட்ட உயர்மட்டக் கமிட்டி அது. கவிழ்ந்த தலை மருத்துவருடையது. பத்தியோடு மல்லுக்கட்டியவர் கமிட்டித் தலைவர். கூட்டல் போட்டவர் புள்ளிவிவர அதிகாரி. அலுவலகத்தில் அவருக்குக் கணக்குப்புலி என்று பெயர்.

எதிரே கரும்பலகைக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை நின்றிருந்தார். கூட்டத்தைத் தன் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளலாம், சாப்பாடு உட்பட எல்லா ஏற்பாடும் தன் பொறுப்பு என்று வலியக் கேட்டு வாங்கியவர் அவர்தான்.

அவருடைய பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாளாவது காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுவாள். முதல் பாடவேளையில் பாதிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் முந்தைய இரண்டு கூட்டங்களிலும் அவர் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கமிட்டி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பசிக்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று ஏப்பத்துக்கு நடுவே சொல்லி அனுப்பியது. இன்றும் முடிவாகாவிட்டால் இந்தக் கல்வியாண்டு போனதுதான்.

எட்டு மணிக்குக் காலை உணவுடன் கூட்டம் தொடங்கும் என்று அழைப்பில் இருந்தது. அதை நம்பி மூவரும் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பி வந்திருந்தார்கள். எட்டு போய், ஒன்பது போய், பத்தும் போயிற்று. தலைவர் மூன்று முறை விசாரித்தார். மூன்று முறையும் தலைமையாசிரியை "வந்துடும் சார்" என்று சொல்லி, வாசிக்க இன்னொரு தாளைக் கொடுத்தார்.

நடுவில் எங்கிருந்தோ வெண்ணெய் தடவிய ரொட்டி வாசனை வந்தது. வெறும் வயிற்றில் மூளை இப்படி இல்லாத வாசனையெல்லாம் காட்டும் என்று மருத்துவர் தலையைத் தூக்காமலே விளக்கம் சொன்னார்.

தலைவரின் கோபம் கையிலிருந்த கமிட்டி அறிக்கையின் மேல் திரும்பியது. இதை எழுதியவனுக்கு ஒரு வாக்கியமாவது ஒழுங்காக எழுத வருமா என்று எரிந்து விழுந்தார். அடியில் இருப்பது அவருடைய கையெழுத்துதான் என்று மருத்துவர் காட்டப்போக, இருவருக்கும் வாய்ச்சண்டை மூண்டது. சமாதானம் செய்யப் போன கணக்குப்புலி இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் தலைவர் பேனாவை மூடினார்.

"முடியலம்மா. மூளை வேலை செய்யல. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"ஏன் சார் வேலை செய்யல?"

"பசிம்மா. வேறென்ன?"

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நீங்க கேட்ட ஆதாரம் அதுதான்."

சொல்லிவிட்டுப் பக்கத்து அறையின் பூட்டைத் திறந்தார். உள்ளே ரொட்டி, முட்டை, வாழைப்பழம், குடுவை நிறையச் சூடான பால். எல்லாம் ஏழரைக்கே வந்துவிட்டதாம். பூட்டி வைத்தது அவரேதானாம்.

"உங்களுக்கு ரெண்டு மணி நேரம்தான் சார் தள்ளிப்போச்சு. எங்க பிள்ளைங்க நேத்து ராத்திரி சாப்பிட்டதோட வந்து உட்கார்றாங்க. ராத்திரியும் எல்லாரும் சாப்பிட்டிருப்பாங்கன்னு சொல்ல முடியாது."

வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் தலைமையாசிரியை இதைச் செய்திருந்தார்.

தலைவர் கோபப்படவில்லை. எழுந்து நின்று கைகூப்பினார். கண்ணைத் திறந்துவிட்டீர்கள், இப்படி ஒரு கொடுமை இனி நடக்கவே கூடாது, சாப்பிட்ட கையோடு உத்தரவு போடுகிறேன் என்றார். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சாப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் மூன்று முகங்களிலும் களை வந்துவிட்டது. கணக்குப்புலி நாற்பத்தைந்தை அடித்து ஐம்பத்தைந்து என்று திருத்தி அசடு வழிந்தார். மருத்துவர் தன் பங்கு முட்டையைத் தலைவர் தட்டில் வைத்தார். தலைவர் ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல், அரைப் பக்கத்துக்கு உத்தரவு எழுதினார். உடனடியாக அமல். மூவரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி குழாயடியில் குனிந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இவளுக்கு ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் என்று நினைத்ததும் தலைமையாசிரியைக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரொம்ப நன்றி சார். எங்க பள்ளிக்கூடத்துல நானூத்திப் பத்துப் பிள்ளைங்க. எல்லாருக்கும் நாளையிலிருந்தே வந்துடுமா?"

தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பிள்ளைங்களுக்கா? இல்லம்மா, இது கமிட்டிக்கு."