கலர் அட்டை

"இதுக்கா ஒரு வருஷமா காத்துக் கிடந்தேன்? தூக்கிக் குப்பையில போடுங்க!"

சக்தி கீபோர்டை ஓங்கித் தள்ளினான். அக்ரஹாரத்தில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் படித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா, மாராயா! கீபோர்டு என்ன உன் மாமனார் வீட்டுச் சீதனமா?" என்றார் ஓனர் முனிராஜ்.

அது ரயில் ஓட்டும் கேம். உகாதிக்கு வரும் என்றார்கள். தசராவுக்கு என்றார்கள். அப்புறம் பொங்கலுக்கு. கம்பெனிக்காரன் தள்ளித் தள்ளிப் போட, சக்தியும் சென்டருக்கு நடையாய் நடந்தான். ஒருவழியாக இன்று காலை பெட்டி வந்து சேர்ந்தது. வந்து என்ன புண்ணியம்? கேம் திறந்தால்தானே!

அவனுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? ரயில்வே உதவி டிரைவர் பரீட்சையில் பாஸாகிவிட்டான். திங்கட்கிழமை மெடிக்கல் டெஸ்ட்; கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். அது முடிந்தால் நிஜ எஞ்சினில் ஏறிவிடலாம். அப்பா போன பிறகு ஊதுபத்தி உருட்டியே அவனைப் படிக்க வைத்த அக்கா பஞ்சவர்ணத்துக்கும் அன்றுதான் விடிவுகாலம். அதற்குள் பொய் ரயிலையாவது ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை.

"அப்படி என்னதான் கேக்குது?" என்றார் முனிராஜ்.

"ஏழாவது வரிசையில மூணாவது கட்டம் என்ன கலர்னு கேக்குது. கேம் பெட்டியில வந்த இந்தக் கலர் கட்டம் போட்ட அட்டையை, கண்ணு வலிக்கப் பார்த்துப் பார்த்துத்தான் போடுறேன். ஒண்ணு சரின்னா அடுத்தது தப்புங்குது. கடைசியில மூடிக்கிட்டு, 'ஒரிஜினல் வாங்கு'ன்னு எனக்கே புத்தி சொல்லுது, சார்!"

"அது காப்பி அடிக்கிறவனுக்கு வச்ச பொறி. அட்டையை ஜெராக்ஸ் போட்டா கலர் தெரியாதில்ல?"

"காப்பி அடிச்சவன் இந்நேரம் எங்கேயோ ஜாலியா ஓட்டிக்கிட்டு இருப்பான். நேர்மையா வாங்கின நாம கட்டத்தை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கோம். நல்லா இருக்கு நியாயம்!"

"கத்தாதே. இன்னொரு தடவை நிதானமா பாரு."

"எத்தனை தடவை பாக்குறது? ஒரு வருஷம் இழுத்தடிச்சவன், கடைசியில அவசர அவசரமா அட்டையைத் தப்பா அச்சடிச்சிருக்கான். வேறென்ன?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம் உள்ளே வந்தாள்.

"ஏன்டா, சோறு தண்ணி வேணாமா? எவ்வளவு நேரம்டா காத்திருக்கிறது? திங்கட்கிழமை நல்லபடியா முடிஞ்சா சாமுண்டி மலைக்குப் படியேறி வர்றதா நான் வேண்டிக்கிட்டிருக்கேன். நீ இங்க பொம்மை ரயிலோட மல்லுக்கு நிக்கிறே!"

"இரு அக்கா. இது என் மானப் பிரச்சினை."

"பெரிய மானம்! கொஞ்சம் நகரு, பார்ப்போம்" என்று முனிராஜ் எரிச்சலோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கீபோர்டில் தட்டினார். அடுத்த கட்டத்துக்கும் தட்டினார். அதற்கடுத்ததற்கும்.

கேம் திறந்துகொண்டது.

"பார்த்தியா? அட்டையில ஒரு மண்ணும் தப்பில்ல. எல்லாம் உன் அவசரம்."

"உங்க கைராசி, சார்!" சக்தி கோபமெல்லாம் மறந்து நாற்காலியில் பாய்ந்து உட்கார்ந்தான்.

திரையில் தண்டவாளம் நீண்டது. ரயில் கூவிக்கொண்டு கிளம்பியது. பாலம் வந்தது, வயல் வந்தது. சக்தி வேகத்தைக் கூட்டினான். பஞ்சவர்ணம் பசியை மறந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிஜமாவே ஓட்டுற மாதிரி இருக்குடா" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடி, பிடித்திருந்த தோளை உலுக்கினாள்.

"டேய், சிவப்பு விளக்குடா! நிறுத்து, நிறுத்து!"

சக்தி திரையை உற்றுப் பார்த்தான். ரயில் கைகாட்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கே அக்கா சிவப்பு? பச்சைதானே எரியுது?"