பொன்செல்விக்கு ஓய்வு

கடைசிப் பதினைந்து நிமிட ஆட்டத்துக்குப் பொன்செல்வியை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

அவள் ஹாக்கி ஸ்டிக்கைப் பெஞ்சின் மேல் விட்டெறிந்தாள். பதினேழு வயதிலேயே கிளப் ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்த பெண்ணுக்கு இந்தக் கோபம்கூட வராவிட்டால் எப்படி?

அதுவும் இன்றைக்கு. தேசிய ஜூனியர் அணிக்கு ஆள் எடுப்பவர்கள் கேலரியில் உட்கார்ந்திருந்தார்கள். சாலைக் கடைவீதியில் மூட்டை இறக்கும் அவளுடைய அப்பாவும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்.

எல்லாம் பிசியோ ஜெயஷீலாவின் வேலை. ஆடுகிறவர்களின் பனியனுக்குள் முதுகுப் பக்கம் ஒரு சின்னக் கருவி இருக்கும். எவ்வளவு ஓடினாள், எத்தனை தடவை சட்டென்று திரும்பினாள் என்பதெல்லாம் ஜெயஷீலாவின் கையிலிருக்கும் திரைக்கு வந்துவிடும். அளவு மீறினால் சிவப்பு. வளருகிற எலும்பு, இதற்குமேல் தாங்காது என்பார். கோச் ஷிபு அவர் பேச்சைத் தட்டமாட்டார். பயிற்சியிலும் வாரத்தில் பாதி நாள் பொன்செல்விக்கு ஓய்வுதான்.

அவளுக்குப் பதிலாக ஜெபமலர் இறங்கினாள்.

கடலோர விழிஞ்ஞத்துக்காரி. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். இந்த சீசன் முழுக்கப் பெஞ்சைத் தேய்த்தவள் என்று எல்லோரும் அவளைக் கேலி செய்வார்கள்.

அவள் ஸ்டிக்கில் பந்து நிற்காமல் போகட்டும் என்று பொன்செல்வி வேண்டிக்கொண்டாள். பொறாமைதான், வேறென்ன.

ஆனால் ஜெபமலர் பிரமாதமாக ஆடினாள். வலது ஓரமாக இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு வந்தாள். கேலரியில் ஆள் எடுக்க வந்தவர்களில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

பெஞ்சுக்கு நேராக வந்தபோது விழுந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. பந்துகூடப் படவில்லை.

ஜெயஷீலா ஓடிப்போய் அவளுடைய நீளக் காலுறையை இறக்கினார். முட்டிக்குக் கீழே கணுக்கால் வரைக்கும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. பழைய பிளாஸ்திரியின் மேலேயே புதிது புதிதாகச் சுற்றியிருந்தாள்.

"வலிக்குன்னு என்கிட்ட ஒரு வாக்கு பறஞ்சிருக்கலாமே, மோளே!"

"சொன்னா எறக்கியிருப்பியளா, சேச்சி?"

ஜெயஷீலா பிளாஸ்திரியை ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கத் தொடங்கினார்.

பொன்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. கருவி முதல் பதினோரு பேருக்கு மட்டும்தான். தனக்கு ஓய்வு கொடுத்த நாளெல்லாம் பயிற்சியில் தன் இடத்தில் ஓட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஜெபமலர்தான் காலையில் தன் பங்குக்கும் சாயங்காலம் பொன்செல்வியின் பங்குக்கும் ஓடினாள். அவள் ஓடியதை எந்தத் திரையும் காட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் ஜெபமலரை இறக்குங்கள் என்று கோச்சிடம் சொன்னவரும் ஜெயஷீலாதான்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது ஜெபமலர் அழவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேலரியைப் பார்த்துக்கொண்டே போனாள். எழுந்து நின்றவர் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

ஆட்டம் நிற்குமா? அந்த இடத்தில் ஆடப் பழகியவர்கள் வேறு யாரும் இல்லை. கோச் ஷிபு பொன்செல்வியைப் பார்த்து, உள்ளே போ என்று கையைக் காட்டினார்.

கொஞ்சம் முன்பு வரை இதற்குத்தான் தவித்துக்கொண்டிருந்தாள். இப்போது பெஞ்சில் கிடந்த ஸ்டிக்கை எடுக்கவில்லை. எப்போதும்போல வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று ஜெயஷீலாவைப் பார்த்தாள்.

ஜெயஷீலா கையிலிருந்த திரையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.