கிரீம் கேக்கும் மூச்சுப் பயிற்சியும்

கேக் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. மாடி ஆபீஸ் மேனேஜரிடம் திட்டு வாங்குகிறவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே இறங்கி வந்து வாரி வாரித் தின்பதால்தான் அவர் கடையே ஓடியது. இப்போது எவளோ ஒருத்தி அவர்களுக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுக்கிறாளாம். இதுநாள்வரை விடாமலா இருந்தார்கள்?

டைப் அடிக்கும் பெண் சிவந்த கண்ணோடு வந்து நின்றாள்.

"ரெண்டு கிரீம் கேக் வைக்கட்டாம்மா?"

"இருங்கண்ணே. இது பசியா, மேனேஜர் மேல உள்ள ஆத்திரமான்னு பார்த்துக்கறேன்." கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். "ஆத்திரம்தான். கேக் வேண்டாம்ணே."

"நல்லா இருப்பா உன் டீச்சர்!" என்று பல்லைக் கடித்தார்.

அடுத்த வாரம் மாடியில் சத்தமே நின்றுபோனது. ஒருத்தரும் இறங்கி வரவில்லை. பன்னெல்லாம் காய்ந்து கல்லாகக் கிடந்தது.

சாயங்காலம் மேனேஜர் வந்தார். கடைக்காரர் பாய்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, தொண்டை கட்டிக்கிச்சா? பொண்ணையும் கொடுத்து, கடையில பாதிப் பங்கும் கொடுத்தது எதுக்கு? தினம் நாலு பேரையாவது அழவிட்டுக் கீழே அனுப்பத்தானே?"

மேனேஜர் சாந்தமாகச் சிரித்தார். "என்னையும் அந்த வகுப்புல உட்கார வச்சுட்டாங்க மாமா. திட்ட வாயே வரமாட்டேங்குது."

கடைக்காரருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். ஒரு கேக்கை அப்படியே வாயில் திணித்தார். விழுங்குவதற்குள் இன்னொன்றை எடுத்தார்.

மருமகன் அவர் கையை மெல்லப் பிடித்தார்.

"கண்ணை மூடி மூச்சை விடுங்க மாமா. இது பசியா, ஆத்திரமா?"