எழும்பாத பந்தி

“அத்தான், போரும். எலையை மடக்குங்க.”

தாணப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். முத்துக்குமாரசாமி காதிலேயே வாங்கவில்லை. மட்டிப்பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கி, இலை நடுவில் அடைப்பிரதமன் பாயசத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏய், பிரதமன்! இங்க கொண்டா!”

இது மூன்றாவது தடவை.

தாழக்குடி சுடலையாண்டி மகளுக்குக் கல்யாணம். தாணப்பன் சாப்பிட வந்தான் என்பதைவிடக் காவலுக்கு வந்தான் என்பதே சரி. அக்கா வடிவாம்பாள் காய்ச்சலில் படுத்தபடியே சொல்லி அனுப்பியிருந்தாள்.

“உங்க அத்தானுக்கு நாக்கு நாலு முழமாக்கும். கால்விரல் புண்ணு இன்னும் ஆறல்ல. இனிப்பு தொட்டா விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லியாச்சு. நீ பக்கத்துலயே இரிடே.”

டாக்டர் சொன்னது அத்தானுக்குத் தெரியாதா? அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே காப்பிக்கடையில் ரசவடை தின்ற மனுஷன். நாகர்கோவிலில் எந்தக் கடையில் எந்தக் கிழமை ரசவடை வாய்க்கும், யார் கைக்கு எரிசேரி ஒழுங்காக வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கல்யாணத்துக்கு அழைத்தால், மாப்பிள்ளை யாரென்று கேட்கமாட்டார். சமையல் யாரென்று கேட்பார். வீட்டில் கோதுமைக் கஞ்சி குடித்த நாளெல்லாம் அவருக்குத் துக்க நாள்.

பிரதமன் பாத்தியில் விழுந்தது. அத்தான் வழித்துச் சாப்பிட்டார்.

தாணப்பனின் கை காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வரிசை முழுக்க எல்லார் கையும் அப்படித்தான். ஆனாலும் ஒருத்தரும் எழும்ப முடியாது. பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழும்பினால் அவரை அவமதித்த மாதிரி. அதிலும் முதல் இலையில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

பந்தல் வாசலில் அடுத்த பந்திக்கு ஆள் நின்றது. பிந்தி வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தக்கலையிலிருந்து வெயிலில் வந்த பசியோடு, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார்.

“யாருவே அது, முதல் எலையில? வயிறா, வைக்கோல் படப்பா?”

பந்தியில் சிரிப்புக் கிளம்பியது. தாணப்பனுக்குக் காது சுட்டது.

“அத்தான், மானம் போவுது. ஒங்க காலுக்காவது பயப்படுங்க.”

“சும்மா இரிடே. புளிசேரி இன்னும் வரல்லியே.”

“அது வந்துட்டுப் போயாச்சு!”

“அப்போ திரும்ப வரட்டும்.”

திரும்ப வந்தது. சோறில்லாமல் வெறும் புளிசேரியை உள்ளங்கையில் வாங்கி, சாவகாசமாக உறிஞ்சினார். பிறகு ரசம். அது நாக்கைத் தொட்டு வயிற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் தாணப்பனுக்கு ஆயுசில் பாதி போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்று பெருமூச்சு விட்டபோது அத்தான் மறுபடி நிமிர்ந்தார்.

“அந்தப் பிரதமன்…”

தாணப்பன் இலைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டான். “வெளம்பாதே! இவருக்கு நீரிழிவு!”

“கையை எடுலே!”

அத்தான் அவனை ஒருநாளும் அப்படி அதட்டியதில்லை. நாலாவது கரண்டியும் விழுந்தது. நெற்றியில் வேர்வை வழிய அதையும் தின்று தீர்த்தார். இனி இந்த ஆளோடு ஒரு விசேஷத்துக்கும் வருவதில்லை என்று தாணப்பன் அங்கேயே முடிவு செய்தான். அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும்.

சமையல் நடந்த ஆக்குப்புரை வாசலில் சுடலையாண்டியின் தலை தெரிந்தது. அத்தான் சட்டென்று இலையை மடக்கினார்.

“எழும்புவமா?”

கேட்டு முடிப்பதற்குள் பந்தி முழுக்க எழுந்துவிட்டது.

கை கழுவும் இடத்தில் தாணப்பன் வெடித்தான். “ரேஷன் காலத்துல ஒருத்தன் கஷ்டப்பட்டுக் கல்யாணம் நடத்துகான். அங்க வந்து இப்பிடியா? நாளைக்கு ஒங்களைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடப்போறது யாரு?”

சுடலையாண்டி ஓடிவந்து அத்தானுடைய ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“சோறு வெந்தாச்சு அண்ணாச்சி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை இருத்தி எலையும் போட்டாச்சு.”

தாணப்பன் விழித்தான்.

“உமக்குத் தெரியாதா? ரெண்டாவது பந்திக்கு வார்ப்புல வச்ச சோறு அடிபிடிச்சு அம்புட்டும் கரிஞ்சு போச்சு. அக்கம்பக்கத்துல நாழி நாழியா அரிசி வாங்கி இப்பத்தான் ஒல போட்டு வடிச்சோம். அதுவரைக்கும் பந்தி எழும்பாமப் பாத்துக்கிடும்னு வெளம்புகவன்கிட்ட அண்ணாச்சி காதுல சொல்லச் சொன்னேன்.”

சுடலையாண்டி பந்தலுக்கு ஓடினார். தாணப்பன் அத்தான் பக்கம் திரும்பினான்.

“அதுக்கு மோரைக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கப்பிடாதா அத்தான்? பிரதமன் எதுக்கு?”

“மோரைக் குடிச்சுக்கிட்டு நான் பந்தியில உக்காந்திருந்தா எவன்டே நம்புவான்?” அத்தான் முகத்தைச் சுளித்தார். “அதுவும் பாகு முத்திப்போன பிரதமன். அதை நாலு தடவை தின்ன பாடு எனக்கில்லா தெரியும்!”

“ஊரே ஒங்களை ஏசிச்சே.”

“என்னை ஏசினா இந்தப் பந்தியோட போச்சு. சோறில்லேன்னு சுடலையாண்டியை ஏசினா, கல்யாணப் பொண்ணுல்லா மாமியார் வீட்டுல ஆயுசுக்கும் ஏச்சுக் கேக்கணும்?”