மாஸ்டரின் வெள்ளைக் கட்டைகள்

"ஏளா, நீ பாடுதியா, கூப்பாடு போடுதியா?"

வெளியே உப்பு லாரி ஹாரன் அடித்தாலும் உள்ளே கேட்காத ஸ்டூடியோ அது. மரியான் மாஸ்டர் போட்ட சத்தம் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். டெல்பின் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரெக்கார்டிங் செய்கிற ஜோன்ஸ் பாட்டை மறுபடியும் போட்டான். கேட்கச் சகிக்கவில்லை. கீபோர்டு ஒரு பக்கம் போக, டெல்பினின் குரல் இன்னொரு பக்கம் போனது.

அன்று சாயங்காலம் புன்னைக்காயல் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம். கொடி மேலே ஏறும்போது ஸ்பீக்கரில் போட வேண்டிய பாட்டு இது. டெல்பின் தனியாகப் பாடுகிற முதல் பாட்டு. அவள் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

"பாடும்போது சரியாத்தான மாஸ்டர் இருந்துச்சு?" என்றாள் மெதுவாக.

"அப்ப நான் வாசிச்சது தப்புங்கியா? எவன் எந்தச் சுருதியில பாடினாலும் நான் போய்ச் சேர்ந்துருவேன். என் கையைக் குறை சொல்ல இந்தக் கடற்கரையில ஆளு கிடையாது. ஹில்டாவுக்குப் போனைப் போடுதேன், அவ வந்து பாடட்டும்."

டெல்பினுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜோன்ஸுக்குப் பாவமாக இருந்தது. "கொஞ்சம் பொறுங்க மாஸ்டர், மிஷின்ல கோளாறான்னு பாத்துருதேன்."

வயரை மாற்றினான். சாப்ட்வேரை மூடித் திறந்தான். சாம்பிள் ரேட் மாறிக் கிடந்தாலும் சுருதி கெடும், அதையும் பார்த்தான். கடைசியில் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டான். ம்ஹூம், பாட்டு அதே லட்சணத்தில்தான் இருந்தது.

மாஸ்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் வாசித்ததெல்லாம் கட்டை கட்டையாகத் திரையில் கிடந்தது. ஜோன்ஸ் அதை உற்றுப் பார்த்தான். பாட்டு முழுக்க வெள்ளைக் கட்டைகள். மருந்துக்குக்கூட ஒரு கறுப்புக் கட்டை இல்லை.

சந்தேகத்தோடு எழுந்துபோய்க் கீபோர்டைப் பார்த்தான். அதன் சின்னத் திரையில், 'ட்ரான்ஸ்போஸ்: 3'.

ஜோன்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரே சுருதியில் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்களைக் காப்பாற்றுகிற பட்டன் அது. விரல் பழகிய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் வேறு சுருதியில் கேட்கும். ஆனால் இங்கே கம்ப்யூட்டர் கீபோர்டின் சத்தத்தைப் பிடிக்கவில்லை. எந்தக் கட்டையை அழுத்தினார் என்கிற மிடி தகவலை மட்டும் வாங்கிக்கொண்டு, சத்தத்தைத் தானே போட்டுக்கொண்டது. அதனால்தான் பாடும்போது கேட்டது ஒன்று, பதிவானது ஒன்று.

டெல்பின் சரியாகத்தான் பாடியிருக்கிறாள்.

'அட மனுஷா! பட்டனைத் தட்டி வாசிச்சிட்டு, இந்தப் பிள்ளையைப் போட்டு இந்தப் பாடு படுத்துதீரே!' மாஸ்டர் உள்ளே வந்ததும், பட்டன் இல்லாமல் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிவிட வேண்டியதுதான். நினைக்கும்போதே ஜோன்ஸுக்கு இனித்தது.

அதற்குள் டெல்பின் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, அந்தப் பட்டனைப் பத்திச் சொல்லிராதீங்க. தப்பு என் மேலன்னே இருக்கட்டும்."

"கூறு இருக்கா உனக்கு? பாட்டு ஹில்டாவுக்குப் போயிரும்."

"போனாப் போட்டும்ணே." சொல்லும்போதே குரல் உடைந்தது.

ஜோன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் கிடந்த கட்டைகளை மொத்தமாகப் பிடித்து மூன்று படி மேலே தள்ளினான். பாட்டைப் போட்டான். குரலும் கீபோர்டும் அவ்வளவு அழகாக ஒட்டிக்கொண்டன.

கதவைத் திறந்துகொண்டு வாசலில் வந்து நின்ற மாஸ்டர் போனை அப்படியே சட்டைப் பைக்குள் போட்டார்.

"என் கம்ப்யூட்டர்லதான் கோளாறு மாஸ்டர்" என்றான் ஜோன்ஸ், வேண்டாவெறுப்பாக.

"அதான பாத்தேன்! ஏலே, மிஷினை ஒழுங்கா வச்சிக்கிட மாட்டியா? பிள்ளையை அநியாயமா ஏசிட்டேனே." டெல்பின் தலையைத் தடவினார். "மனசுல வச்சிக்கிடாதளா. சாயங்காலம் கொடிமரத்துல உன் பாட்டுதான்." ஆட்டோ பிடிக்கக் குஷியாகக் கீழே இறங்கிப் போனார்.

கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்த டெல்பினிடம் ஜோன்ஸ் பொரிந்து தள்ளினான். "ஊரை ஏமாத்தி வாசிச்சிட்டு என்னா பீத்தல்! இந்த ஆளைக் காப்பாத்த உன் பாட்டையே விட்டுக் குடுக்கப் பாத்தியே!"

"அவரு யாரையும் ஏமாத்தலண்ணே. முன்ன வாசிச்சவரு கப்பல் வேலைக்குப் போனப்புறம், கோயில்ல கீபோர்டைத் தொட ஆளு இல்ல. இவருதான் கடலுக்குப் போயிட்டு வந்து, செல்லைப் பாத்து, வெள்ளைக் கட்டையில மட்டும் படிச்சாரு. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை விட்டது கிடையாது. சுருதி சேரலன்னு சொன்னா மனசு ஒடிஞ்சிருவாரு."

"அதுக்காகப் பட்டனை அழுத்தி ஒப்பேத்தலாமா?"

டெல்பின் படிக்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்படி ஒரு பட்டன் இருக்கதே அவருக்குத் தெரியாதுண்ணே. பாட்டு புஸ்தகத்தைத் திருப்புத சாக்குல பக்கத்துல நின்னு, பாட்டுக்குப் பாட்டு அதை அழுத்துதது நான்தான். இன்னைக்கும் நான்தான்."